பிளான்படி வைத்த கொமட்

வீட்டுப் பிளான் கீறுகிற எங்கள் தொழிலில் சுவர் கீறுவது அரை நாள் வேலை. கதவு, கட்டில், கக்கூஸ் கொமட் ஆகியவற்றைக் காவல் காப்பது ஆயுள் வேலை.

இதில் வரும் ஒரு விஷயத்தைப் பல வருஷமாக நான் நம்பவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது மேசன் ஆதம்லெவ்வை பாஸ் (மேசன்மாரை நாங்கள் ‘பாஸ்’ என்போம்) என்னைப் பற்றிச் சொன்னது. அவர் பொய்க்காரர் அல்ல. ஆனால் சொன்னது என்னைப் புகழ்ந்து சொன்னது. யாராவது என்னைப் புகழ்ந்தால், கடையில் வாங்கிய மாம்பழத்தைப் போல அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பது என் பழக்கம். இந்த முறை அடிப்பக்கம் எங்கே என்றே வெகுநாள் பிடிபடவில்லை.

எங்கள் ஒபிஸ் கல்முனையில் ஒரு பாமஸிக்கு மேல் மாடியில் இருக்கிறது. மூன்று பேர் கீறுகிறோம். நான், றியாஸ், பாண்டிருப்பிலிருந்து வருகிற சுகந்தி. மூன்று கொம்பியூட்டருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். பிளானில் வைக்கிற கதவு, யன்னல், கட்டில், பேசன், வாகனம், பூமரம் எல்லாம் அதற்குள் ஆயத்தமாக இருக்கும். எடுத்து வைத்தால் போதும். நாங்கள் அதைச் ‘சாமான் ஃபோல்டர்’ என்போம். அதற்குப் பொறுப்பு நான். உங்களில் யாராவது இப்படிப் பொது ஃபோல்டர் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்திருந்தால், இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

கதவுகள்

பொறுப்பெடுத்த நாளில் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ‘கதவு’ இருந்தது. ‘கதவு புதுசு’, ‘கதவு கடைசி’, ‘கதவு கடைசிக்கும் கடைசி’ இருந்தன. ‘இத எடுங்க’ என்று ஒன்று. ‘றியாஸ் இதத் தொடாத’ என்று இன்னொன்று. அதைத் திறந்தால் உள்ளே ஒரு பேசன். இப்படியான வீட்டில் மனிதன் இருப்பானா என்று நினைத்து, நல்ல கதவு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தேன். அன்று பகல் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இந்தச் சாமான்களின் குணம் அப்போது எனக்குச் சரியாக விளங்கவில்லை. பிளானில் தெரிகிற கதவு பிளானுக்குள் இல்லை. அது ஃபோல்டரில் இருக்கிறது. பிளான் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஃபோல்டரில் கை வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எல்லாப் பிளானிலும் கை வைத்ததாக ஆகிவிடும். அடுத்த நாள் புடவைக்கடை முதலாளி ஒருவர் தன் புதுக் கடையின் பிளானை வாங்க வந்தார். அவசரத்தில் றியாஸ் பார்க்காமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டான். கதவு இருந்த இடமெல்லாம் ஒவ்வொரு கறுப்புப் புள்ளி. கதவு கிடைக்காவிட்டால் கொம்பியூட்டர் அதற்குப் பதிலாக வைக்கிற அடையாளம் அது. முதலாளி தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. உண்மையான கவலையோடு கேட்டார்:

“இந்தப் புள்ளியால எறும்பு போகும் சேர். என்ட கஸ்டமர் எப்பிடிப் போற?”

ஆருட கார்?

பிளானில் கார் போர்ட்டிக்கோ இருந்தால் அதற்குள் ஒரு காரைக் கீறி நிறுத்துவது வழக்கம். இடம் காணுமா என்று பார்க்கவும் உதவும், அழகாகவும் இருக்கும். நாவிதன்வெளியிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர், வயதானவர், பிளானில் இருந்த காரின் மேல் விரலை வைத்தார்.

“தம்பி, இந்தக் கார் ஆருட?”

“சும்மா அழகுக்கு வச்சது ஐயா.”

“மற்ற ஆக்கள்ர காரை என்ட வளவுக்க ஏன் தம்பி விட்டிருக்கிறீங்க? எனக்கிட்ட உழவு மெசினும் பெட்டியும்தான் கிடக்கு.”

நியாயம்தான். உழவு மெசினையும் அதன் பின்னால் பூட்டுகிற பெட்டியையும் கீறித் தரச்சொல்லி றியாஸிடம் சொன்னேன். இரண்டு நாள் இருந்து கீறினான். டயரின் பட்டை கூடத் தெரிந்தது. ஆனால் சேமிக்கும்போது புதுப் பெயர் வைக்கப் பஞ்சிப்பட்டு ‘கார்’ என்ற பெயரின் மேலேயே சேமித்துவிட்டான். அந்தக் கிழமை எங்கள் ஒபிஸிலிருந்து போன எல்லாப் பிளானிலும் போர்ட்டிக்கோவில் உழவு மெசின் நின்றது. ஒரு டொக்டரின் வீட்டில் பெட்டி வாசல் படியை முட்டிக்கொண்டு நின்றது. டொக்டர் அதை மனைவிக்கும் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

“நல்ல யோசன சேர். அம்பியுலன்ஸ் வராட்டி நோயாளிய இந்தப் பெட்டியிலயே ஏத்திரலாம்.”

முசல்லா

சாமான் ஃபோல்டரில் முசல்லா, அதாவது தொழுகைப் பாய், ஒன்றும் உண்டு. தொழுகை அறை கேட்கிறவர்களின் பிளானில் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து, எங்கள் ஊருக்கு அது ஏறத்தாழ மேற்கு, அந்தப் பாயை விரித்து வைப்போம். றியாஸ் அதை அறையின் நீளத்துக்கு விரிப்பான். நீளமாக வைத்தால்தான் பார்வையாக இருக்குமாம். நான் யோசித்து யோசித்து வைத்துவிட்டு, பிறகு எழும்பிப் போய் யன்னலால் சூரியனைப் பார்ப்பேன். ஒருநாளும் பிழை விடாமல் வைத்தவள் சுகந்தி. அவள் வீட்டில் சாமியறை. ஆனாலும் முசல்லா அவள் கையில் தானாகத் திரும்பும்.

ஒருமுறை றியாஸும் நானும் ஒரு மூலைக் காணியின் பிளானை வைத்துக்கொண்டு கிப்லா எந்தப் பக்கம் என்று கால் மணித்தியாலம் தர்க்கம் செய்தோம். கடைசியில் சுகந்தியிடம் கேட்டேன். அவள் தன் திரையை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“நீங்க ரெண்டு பேரும் லுஹர் தொழ எழும்பிப் போய் நிக்கிறீங்களே சேர், அந்தப் பக்கம்தான்.”

என்னுடைய திருத்தம்

முசல்லா கிப்லாவைப் பார்க்க வேண்டும். கொமட் பார்க்கக் கூடாது. முதுகு காட்டவும் கூடாது. ஆகவே எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கொமட் வடக்கையோ தெற்கையோதான் பார்க்கும். எங்கள் ஃபோல்டரில் இருந்த கொமட்டோ, எடுத்து வைத்தவுடன் கிழக்கைப் பார்த்து வந்து விழும். கீறுகிறவர் அதைக் கையால் ஒரு கால் சுற்றுத் திருப்பி வடக்குப் பார்க்க வைக்க வேண்டும். றியாஸ் அடிக்கடி மறந்துவிடுவான். நான் அடிக்கடி ஏசுவேன்.

ஒருநாள் எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. ஃபோல்டரில் இருக்கிற மூலக் கொமட்டையே வடக்குப் பார்க்கத் திருப்பிவிட்டால், இனி யார் மறந்தாலும் பாவம் இல்லை. திருப்பினேன். ஒரு நல்ல காரியம் செய்த மனதோடு அஸர் தொழப் போனேன். நான் நினைக்காமல் விட்டது ஒன்றுதான். பழைய பிளான்களில் கொமட் ஏற்கெனவே கையால் ஒரு கால் சுற்றுத் திருப்பப்பட்டிருந்தது. இப்போது மூலமும் ஒரு கால் சுற்றுத் திரும்ப, வடக்குப் பார்த்தவை எல்லாம் நேரே மேற்குப் பார்த்து உட்கார்ந்துகொண்டன. றியாஸ் திருப்ப மறந்தவை மட்டும் சரியாக இருந்தன.

அடுத்த நாள் பகல் சுகந்தி கண்டுபிடித்தாள். மூலத்தைப் பழையபடி திருப்பினோம். எல்லாம் பழையபடி ஆகின. நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். றியாஸுக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் மேசையில் பிளேன்ரீயை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

“நான் மறந்தா ஒரு வீட்டிலதான் பிழ சேர். நீங்க ஞாபகம் வச்சா எல்லா வீட்டிலயும் பிழ.”

திரையும் தாளும்

எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளை பிறகு வருவார். மருதமுனை ஜெஸீமா டீச்சருக்கு ஒரே மகள். கணவர் மௌத்தாகி வெகுகாலம். டீச்சர் தன் சேவைக்காலம் முழுவதையும் அந்த ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பிளானுக்காக ஏழு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டார்: “என்ட புள்ளட வீட்டில மார்க்கத்துக்கு மாறா ஒண்டும் வந்திரக் கூடா சேர். மற்றதெல்லாம் உங்கட விருப்பம்.” நான் பொறுப்பெடுத்தேன்.

வீடு கட்டி, ஓடு போட்டு, கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது டீச்சர் அழைப்புக் கார்டோடு வந்தார். மருமகன் கார் வாங்கப் போகிறாராம். முன்னால் ஒரு போர்ட்டிக்கோ சேர்த்துக் கீற வேண்டும். அவர் போன பிறகு சுகந்தி பிளானைத் திரையில் திறந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஃபைலில் இருந்த அச்சுப் பிரதியையும் எடுத்தாள். “சேர், இஞ்ச ஒருக்கா வாங்க” என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

திரையில் கொமட் வடக்குப் பார்த்தது. தாளில் மேற்குப் பார்த்தது. தாளின் மூலையில் இருந்த திகதி, நான் அந்த நல்ல காரியம் செய்த மறுநாள் காலை. இடையில் இருந்த அந்த அரை நாளுக்குள் ஒரே ஒரு பிளான் அச்சாகி வெளியே போயிருக்கிறது. அது டீச்சரின் பிளான். அதே அச்சின் இன்னொரு பிரதியைத்தான் சுகந்தி வழக்கம்போலச் சுருட்டி, பச்சை நாடா கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு மேசனிடம் கொடுத்தாள். அந்த முடிச்சை அவிழ்க்கக் கத்தரிக்கோல் வேண்டும்.

ஆதம்லெவ்வை பாஸுக்கு உடனே கோல் எடுத்தேன். அத்திவாரத்துக்குக் கட்டை அடித்து நூல் போடும் நாளில் மட்டும்தான் நாங்கள் காணிக்குப் போவோம். அதன் பிறகு எல்லாம் அவர் பொறுப்பு. பின்னால் கலவை மெசின் உறுமிக்கொண்டிருந்தது.

“பாஸ், டீச்சர்ட வீட்டுக் கொமட் எந்தப் பக்கம் பாக்குது?”

“என்ன சேர்?”

“கொமட்! கொமட்! எந்தப் பக்கம் பாக்குது?”

ஒரு மேசன் வாயிலிருந்து எந்த நாளும் கேட்க ஆசைப்படுகிற வசனம் ஒன்று உண்டு. அதை அன்றைக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

“பிளான்ல உள்ளபடிதான் சேர் வச்சிரிக்கன், ஒரு இஞ்சும் மாத்தல்ல. நீங்க பயப்பிடாதீங்க. கலவ காயுது, வைக்கிறன்.”

டீச்சர் வீட்டு பாத்ரூம்

கொமட்டைத் திருப்புவது கட்டிலைத் திருப்புவது போல அல்ல. நிலத்தை உடைக்க வேண்டும். பைப்பு, ஓடு, எல்லாம் போகும். கலியாண வீட்டில், மூன்று கிழமைக்குள், அந்தத் தாயிடம் போய் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க என் பிழையில் உட்கார வேண்டும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் கண்ணால் பார்ப்போம் என்று மூன்றாம் நாள் மருதமுனைக்குப் போனேன்.

டீச்சர் புது வீட்டின் ஹோலில் புதுக் கதிரையில் இருத்தி, தொதலும் தேத்தண்ணியும் வைத்தார். நான் ஒரு மிடறு குடித்துவிட்டு, “டீச்சர், பாத்ரூம் ஒருக்கா...” என்றேன். உள்ளே போய்க் கதவைப் பூட்டி, கொமட்டுக்கு முன்னால் நின்று, ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் கம்பி இருந்தால் அப்படித்தான். ஃபோனை எட்டுப்போல ஆட்டினால் சரிவரும் என்று அதிலேயே எழுதி வந்தது. ஆட்டினேன். வடக்கு ஒரு முறை கொமட் பக்கம் வந்தது. ஒரு முறை ஷவர் பக்கம் போனது. முதலில் குனிந்து நின்றும் பிறகு குந்தியிருந்தும் ஆட்டினேன். அந்த நேரம் யாராவது பார்த்திருந்தால் அடுத்த ஜும்ஆவுக்கு என்னைப் பள்ளிவாசலுக்குள் விட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் ஞானம் வந்து, மேலே இருந்த சின்ன யன்னலால் வெளியே பார்த்தேன். பள்ளிவாசல் மினாரா தெரிந்தது. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் தெரிந்தது.

கொமட் வடக்குப் பார்த்தது. நேரே வடக்கு. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் வரை வந்ததை, இருக்கிற இடத்தை நினைத்து விழுங்கினேன். முகத்தில் பெரிய சிரிப்போடு வெளியே வந்தேன். கதவுக்கு வெளியே டீச்சர் கவலையோடு நின்றார். நான் உள்ளே இருபது நிமிஷம் இருந்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தமும் இல்லை.

“எத்தின நாளா சேர் இந்தக் கஷ்டம்? வெக்கப்படாதீங்க, ராவைக்கு வெந்தயம் ஊறப்போட்டு வெறுவயித்தில குடிங்க.”

கண்ணை மூடிக்கொண்டு

வீடு தப்பியது. டீச்சரின் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போர்ட்டிக்கோவில் உண்மையான கார் நிற்கிறது. எனக்குத்தான் நிம்மதி கிடைக்கவில்லை. பிளான் பிழை. கொமட் சரி. பிளானில் உள்ளபடி வைத்ததாக மேசன் சொல்கிறார். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. பாஸ் பிழையைக் கண்டு, எனக்கு மானம் போகாமல் இருக்கத் தானே திருத்தி மூடிவிட்டாரா? அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? கலியாண வீட்டில் அவரைக் கண்டு மெல்லக் கேட்டுப் பார்த்தேன். “உங்கட பிளான்ல நான் கை வைப்பனா சேர்?” என்று காதைத் தொட்டுக்கொண்டார்.

பிறகு அவர் போகிற இடமெல்லாம் என்னைப் புகழத் தொடங்கினார். மருதமுனையிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் ஆட்கள் பாஸின் சொல்லைக் கேட்டு வந்தார்கள். நான் ஒவ்வொரு பாராட்டையும் திருட்டுச் சாமானைப் போல வாங்கி உள்ளே வைத்தேன். மறுத்தால் பிழையைச் சொல்ல வேண்டும். மறுக்காவிட்டால் பொய்யில் சம்பாதிக்கிறேன். சாமான் ஃபோல்டரை முன்பைவிட இறுக்கமாகக் காவல் காத்தேன். மூலக் கொமட்டுக்குப் பூட்டுப் போட்டேன். போன மாதமும் ஒருவர் வந்து, பாஸ் சொன்னதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிளானுக்குச் சொல்லிப் போனார்:

“சேர்ட பிளான்னா கண்ண மூடிக்கிட்டுக் கட்டலாமாம்.”

பச்சை நாடா

இந்த வருஷம் என் மகளுக்கும் வீடு கட்டத் தொடங்கினேன். பிளான் நானே கீறினேன். மேசன் வேறு யார்? போன கிழமை பின்னேரம் காணிக்குப் போனேன். சுவர்கள் எழும்பி, பாத்ரூம் நிலத்தில் பைப்பு வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கொமட் வடக்குப் பார்க்கிற மாதிரித்தான் வாய் விட்டிருந்தது. குசினியில் பேசன் வருகிற இடம், அலுமாரிக்கு விட்ட இடம், எல்லாம் நான் நினைத்தபடியே. சில இடங்கள் நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தன.

“யன்னல் உயரத்த ஒருக்காப் பாப்பம் பாஸ், பிளான் எங்க?” என்று கேட்டேன்.

“பத்திரமா இரிக்கி சேர்.” சீமெந்துக் கொட்டிலுக்குள் போய், இரண்டு பக்கமும் மூடி போட்ட பெரிய பீவீசீ பைப்பு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். “மழையும் போகா, கறையானும் போகா. உங்கட ஒபிஸ்ட எல்லாப் பிளானும் இதுக்குள்ளதான். ஒண்டையும் எறியல்ல.” மூடியைக் கழற்றிச் சாய்த்தார். என் மகளின் வீட்டுப் பிளான் வழுக்கி வந்தது. அதன் பின்னால் இன்னும் ஐந்தாறு சுருள்கள். ஒன்றின் வெளிப்பக்கத்தில் சுகந்தியின் கையெழுத்தில் ‘ஜெஸீமா டீச்சர், மருதமுனை’ என்று இருந்தது. பச்சை நாடா வெளிறிப் போயிருந்தது. இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. மகளின் பிளானிலும் அப்படியே. ஐந்தாறிலும் அப்படியே.

பாஸ் சுருள்களில் படிந்த தூசியைத் தன் துவாயால் துடைத்தார். ஒரு பிள்ளைக்கு முகம் துடைப்பது போல மெதுவாக, மரியாதையோடு துடைத்தார். அவர் முகத்தில் ஒரு களவும் இல்லை. என் ஆயுளில் பாதியை ஒரு ஃபோல்டருக்குக் காவலாகக் கழித்தவன், அவிழ்க்கப்படாத ஒரு முடிச்சைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றேன். பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்:

“பாஸ், அப்ப இவ்வளவு காலமும் நீங்க ‘பிளான்படி, பிளான்படி’ எண்டு சொன்னது ஆருட பிளான?”